ஒரே தோட்டத்து வைன், ரெண்டு பாட்டில், ரெண்டு கதை

போன தடவ எனக்கு அகஸ்டாவுல சைன் ஆஃப், அதாவது காண்ட்ராக்ட் முடிஞ்சு கப்பல்லேர்ந்து எறங்குறது. சிசிலியோட கிழக்கு கரைல இருக்குற டேங்கர் போர்ட், நம்ம மணலி பக்கம் போன மாதிரியே ஒரே பைப்லைனும் புகையும். மறுநாள்தான் ஃப்ளைட், அதனால ஒரு நாள் கையில இருந்துச்சு, நேரா எட்னா எரிமலையோட வடக்கு சரிவுக்கு போய்ட்டேன். அங்க ஒரு சின்ன கடைல நேச்சுரல் ரெட் வைன், அதாவது வெளிலேர்ந்து எதுவும் பெருசா சேக்காம போடுற வைன் வாங்குனேன், நெரெல்லோ மஸ்கலேஸேங்குற திராட்சை, அந்த மலையோட சொந்த திராட்சை அது, எட்னா ரோஸ்ஸோன்னு லேபிள் போடணும்னா 80 சதவீதமாவது இதுதான் இருக்கணும். ஒரே தோட்டம், ஒரே வருஷம். கஸ்டம்ஸ்ல ஆளுக்கு 2 லிட்டர்தான் விடுவான், அதனால ரெண்டே பாட்டில்.

ராயபுரம் வீட்ல ரெண்டும் ஒரே பீரோவுக்குள்ள பக்கத்துல பக்கத்துலதான் படுத்திருந்துச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஒண்ண தொறந்தோம். மாதுளை, காஞ்ச ஆரஞ்சு தோல், மொத மழை விழுந்த மொட்டை மாடி வாசனை, எல்லாம் அப்படியே வந்துச்சு, மட்டன் குழம்போட அவ்ளோ அழகா போச்சு. நியூ இயர் அன்னைக்கு ரெண்டாவது. மோந்து பாத்தா ஒரு குறையும் இல்ல, வாயில வச்சாலும் நல்லாதான் இருக்கு, முழுங்கி ஒரு பத்து செகண்ட் ஆனதும் தொண்டைலேர்ந்து மேல ஏறுச்சு பாருங்க, எலி பூந்த அரிசி டப்பா வாசனை. வாய் கொப்பளிச்சும் போகல. அண்ணன் என்னடான்னா "நல்லாதானடா இருக்கு"ன்னு இன்னொரு கிளாஸ் ஊத்திக்கிறார்.

அண்ணன் சொன்னதும் பொய் இல்ல. இந்த கோளாறுக்கு பேரே மவுஸ், எலிதான். வைன்ல புளிப்பு ஜாஸ்தி, அந்த புளிப்புல இந்த வாசனை மேல எழும்பாது, அதான் மூக்குக்கு தெரியல. முழுங்குனப்புறம் எச்சில்ல புளிப்பு குறைஞ்சதும் கெளம்பிடும். எச்சில் ஆளுக்கு ஆள் மாறும், அதனால ஒருத்தருக்கு குமட்டும், பக்கத்துல இருக்குறவருக்கு ஒண்ணுமே தெரியாது. இதுல என்ன ஆச்சரியம்னா இதுக்கு காரணமான பொருள்கள்ல ஒண்ணு 2-அசிட்டைல்-1-பைரோலின், பாசுமதி அரிசிக்கும் பிரியாணில போடுற ரம்பை இலைக்கும் வாசனை குடுக்குறதே அதுதான். சோத்துல இருந்தா மணம், வைன்ல வந்தா நாத்தம்.

சரி, ஒரு பாட்டில்ல மட்டும் எப்படி? இந்த வைன்ல சல்ஃபைட், அதாவது வைன் கெடாம இருக்க போடுற பொருள், அத சேக்கல, ஃபில்டரும் பண்ணல. ஐரோப்பால சாதா ட்ரை ரெட் வைனுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரைக்கும் சல்ஃபைட் இருக்கலாம், இங்க சேத்தது சைபர். அப்ப பாட்டில் உள்ள லாக்டோபாசிலஸ்ங்குற பாக்டீரியா, பிரெட்டனோமைசிஸ்ங்குற ஈஸ்ட் எல்லாம் உசுரோட உக்காந்திருக்கலாம், இந்த எலி வாசனைய உண்டாக்குறதே இதுங்கதான். டேங்க்ல மேலாக்க எடுத்த பாட்டில் ஒரு மாதிரி, அடில கசடோட எடுத்தது ஒரு மாதிரி. ஒரு கார்க் காத்த கொஞ்சம் விடும், இன்னொண்ணு விடாது, அந்த காத்துதான் எலிய எழுப்பி விடுறது. குதிரை லாய வாசனை, நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனைன்னு வேற கோளாறும் வரும், ஆனா அதெல்லாம் கிளாஸ கிட்ட கொண்டு போனாலே காட்டிக் குடுத்துடும். எலி அப்படி இல்ல.

மிச்சத்த மறுநாள் பெரம்பூர் ஆன்ட்டி வீட்டுக்கு எடுத்துட்டு போனேன். ஆங்கிலோ இந்தியன், வருஷா வருஷம் பன்னீர் திராட்சைல ஜாடி வைன் போடுறவங்க. புளிப்ப குறைச்சு பாக்கலாம்னு ரெண்டு ஸ்பூன் வைன்ல ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டேன். புஸ்ஸுன்னு நுரைச்சு, சிவப்பு அப்படியே மை கலந்த மாதிரி நீலச் சாம்பலா மாறுச்சு, அந்த வாசனை இப்ப மூக்குக்கே நேரா வந்துச்சு. ஆன்ட்டி ஸ்பூன தள்ளி வச்சுட்டு, "என்னா மேன், இத காசு குடுத்தா வாங்குன?"ன்னாங்க.

அவங்களும் சல்ஃபைட் போடுறதில்ல. ஆனா ஜாடிய வெந்நில கழுவி வெயில்ல ஒரு நாள் முழுக்க காய வைப்பாங்க, பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்துவாங்க, காத்துக்கு எடமே விட மாட்டாங்க. புளிச்சு போனத யாருக்கும் குடுத்ததில்ல, அது வினிகராகி விந்தாலுக்கு போய்டும். நேச்சுரல்னா அப்படித்தான் இருக்கும், அதுதான் அதோட குணம்னு சில பேர் சொல்றப்போ எனக்கு கோவம் வரது இதனாலதான். கெட்டு போனது கெட்டு போனதுதான். எரிமலை மேல அவ்ளோ உயரத்துல, அக்டோபர் வரைக்கும் கொடில விட்டு பறிச்ச திராட்சை, அத இப்படி எலிக்கு குடுக்க மனசு வருமா? பாட்டில் பண்ணும்போது ஒரு துளி சல்ஃபைட் போட்டா அந்த மண்ணோட ருசி ஒண்ணும் ஓடிப் போய்டாது.

அதுக்காக நேச்சுரல் வைனே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், அந்த மொத பாட்டில் இன்னும் நாக்குல இருக்கு. அடுத்த காண்ட்ராக்ட்ல அந்த பக்கம் போனா அதே வைன் ரெண்டு வாங்கிட்டு வருவேன், இந்த தடவ ரெண்டையும் ஒரே நாள்ல ஆன்ட்டி வீட்ல வச்சுதான் தொறக்கணும். ஆப்ப சோடா அவங்க எடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க.