றீபவுண்ட் என்ற அந்த ஒரு திருகு

மூன்று கிழமையாக ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தேன். எம்.எக்ஸ். பைக்ஸ் என்ற கணினிக் கேமில் ஒரு பாதை, இடப்பக்க வளைவு முடிந்த கையோடு வரிசையாகப் பதினொரு சின்ன மேடு வரும், மண் பாதையில் பைக் பந்தயம் ஓடுகிற மோட்டோகிராஸ்காரர் வூப்ஸ் என்று சொல்வார்களே, அது. முதல் நாலைந்தை அழகாகத் தாண்டும். ஆறாவதில் பின்சில்லு ஓர் உதை உதைக்கும், எட்டாவதில் நான் ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம். வேகத்தைக் குறைத்தாலும் அதே, கூட்டினாலும் அதே.

இந்தக் கேம் தெரியாதவர்களுக்காக ஒரு சொல். பிபோசோ என்ற இத்தாலிய ஆக்கம், ஜீ.பி. பைக்ஸ் செய்ததும் அவர்கள்தான். பட்டனை அமத்தினால் பறக்கும் வகை இல்லை இது. பைக்கைச் சாய்ப்பது ஒரு வேலை, ஓடுபவரின் உடம்பை முன்னே பின்னே நகர்த்துவது இன்னொரு வேலை, முன்பிரேக் வேறு, பின்பிரேக் வேறு. கராஜ் திரைக்குப் போனால் அதிர்வைத் தாங்குகிற முன்போர்க்குக்கும் பின்சொக்குக்கும் ஸ்பிரிங், பிரிலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமத்தி வைக்கிற அளவு), கொம்பிரஷன், றீபவுண்ட் (அமர்வதையும் திரும்பி எழும்புவதையும் தடுக்கிற திருகுகள்) எல்லாம் தனித்தனியாக இருக்கும். பாதைகளில் பெரும்பாலானவை விளையாடுகிற ஆட்களே செய்து விடுபவை, நான் அவற்றை இரவு டேற்றாவில் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் இறக்குவேன்.

சரி, விழுகிற கதைக்கு வருகிறேன். மேட்டில் இடிக்கிறது, அடிவரை போய் முட்டுகிறது, அப்படியென்றால் சொக் மெத்தையாக இருக்கிறது, இறுக்க வேண்டும். இதுதான் என்னுடைய கணக்கு. கொம்பிரஷனை இரண்டு கிளிக், அதாவது திருகின் இரண்டு படி, இறுக்கினேன், பிறகு நாலு, பிறகு ஸ்பிரிங்கையே மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பைக் இன்னும் மோசமானது. கடைசியில் வேகமாக ஓடுகிற ஒருவரின் செற்றிங்கை அப்படியே எடுத்துப் போட்டேன், அதில் நாலாவது மேட்டிலேயே விழுந்தேன்.

விடை கிடைத்தது எங்கள் வீட்டுக் கிரவல் வீதியில்.

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்கு ஏற ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல். மாரி முடிந்து வெயில் ஏறியதும் ரிப்பர்கள் ஓடி ஓடி அதில் குறுக்கே வரிவரியாக எழும்பிவிடும், தகரக் கூரையைக் கழற்றி நிலத்தில் விரித்த மாதிரி. எங்கள் பழைய சீ.ரி. 100 பைக்கின் முன்போர்க்கில் ஒயில் சீல் போய் ஒழுகத் தொடங்கியது, ஒரு கராஜில் கொடுத்து மாற்றி எடுத்து வந்தோம். ஒழுக்கு நின்றது, ஆனால் வரிவரி வருகிற இடத்தில் புதிதாக ஒன்று தொடங்கியது. முதல் பத்து மீற்றருக்குப் பிழை இல்லை. பிறகு ஹாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், உள்ளங்கை விறைக்கும், அந்தத் துண்டு முடிகிறபோது முன்னுக்குச் சொக்கே இல்லாத ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு போவது போல இருக்கும்.

சித்தப்பா பைக் வேலை தெரிந்தவர். பாலை மரத்தடியில் விட்டுவிட்டு வந்து பாருங்கோ என்றேன். அவர் எதையும் கழற்றவில்லை. முன்பிரேக்கைப் பிடித்தார், உடம்புப் பாரம் முழுவதையும் ஹாண்டிலில் போட்டு ஒரு அமத்து அமத்தினார், கையை எடுத்தார். போர்க் கீழே போனது, மேலே வந்தது, ஆனால் பாயில் படுத்திருந்த கிழவர் எழும்புகிற மாதிரி, மெல்ல மெல்ல.

“இதுக்குள்ள எஞ்சின் ஒயில் விட்டிருக்கிறாங்கள் தம்பி. கீழ போகுது, திரும்பி மேல வர நேரம் காணாது. அதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்திடும்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதினொரு மேட்டை நினைத்துக்கொண்டு நின்றேன்.

போர்க் இரண்டையும் கழற்றிப் பேசினுக்குள் கவிழ்த்து, குழாயை மேலும் கீழுமாக இழுத்து அடித்தபோது தேன் போலத் தடித்த ஒயில் வந்தது. 10 டபிள்யூ போர்க் ஒயில் வாங்கி வந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக அளந்து விட்டார். மறுபடி அமத்திப் பார்த்தோம். போனது, வந்தது, நின்றது. அன்று பின்னேரம் அதே கிரவலில் ஓடினேன், கடைசி வரிவரையும் கை இலேசாக இருந்தது.

நடந்தது இதுதான். ஸ்பிரிங் அமர்ந்தால் திரும்பி எழும்பத் துடிக்கும். அதை அடக்கி வைத்திருப்பது சின்ன வழியால் நெருங்கிப் போகிற ஒயில். அமர்கிறபோது தடுப்பது கொம்பிரஷன், எழும்புகிறபோது தடுப்பது றீபவுண்ட். மோட்டோகிராஸ் பைக்கில் சில்லு மேலும் கீழும் போக ஏறக்குறைய 300 மில்லிமீற்றர் இடம் இருக்கிறது. சும்மா ஒரு கணக்குக்கு, ஒவ்வொரு மேட்டிலும் 100 அமர்ந்து, அடுத்த மேடு வருவதற்குள் 60 மட்டும் எழும்புகிறது என்று வையுங்கள். மேட்டுக்கு 40 நட்டம். ஐந்து மேடு தாண்டும்போது 200 போய்விட்டது, மிச்சம் 100தான். ஆறாவதில் அடி முட்டும், உதைக்கும். எனக்குப் பின்சில்லு உதைத்துக்கொண்டிருந்ததும் ஆறாவதில்தான்! பைக் அடி முட்டியது மெத்தையாக இருந்ததால் அல்ல, எழும்ப விடாமல் நான் அமத்தி வைத்திருந்ததால். ஆங்கிலத்தில் இதைப் பாக்கிங் என்பார்கள். நான் கொம்பிரஷனை இறுக்கியதால் முதல் மேட்டிலேயே கை அதிர்ந்தது, எழும்புகிற வேகம் ஒரு துளியும் கூடவில்லை.

அன்றிரவு பின் றீபவுண்டை ஆறு கிளிக் திறந்தேன், கொம்பிரஷனையும் ஸ்பிரிங்கையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பதினொரு மேடும் தாண்டிவிட்டது. நம்பாமல் இன்னும் ஐந்து சுற்று ஓடினேன்.

ஆறு கிளிக் என்றதைப் பார்த்து நீங்களும் ஆறு திறக்க வேண்டாம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மற்ற ஆளின் இலக்கத்தை எடுத்துப் போடாதீர்கள். பைக் ஒன்று, பாதை ஒன்று, எடையும் ஒன்றாகவே இருந்தாலும் வேகம் ஒன்றல்ல. வேகமாக ஓடுகிறவர் மேட்டின் தலையில் மட்டும் தொட்டுத் தொட்டுப் போவார், என்னைப் போன்றவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி ஏறுவோம். அவருக்குச் சரியாக இருக்கிற இறுக்கம் எங்கள் கையை உடைக்கும். நிஜத்தில் சூப்பர்கிராஸ் ஓடுகிறவர்களின் பைக் அவ்வளவு விறைப்பாக இருப்பதும் இதனால்தான், பெரிய பாய்ச்சல்களையும் அந்த வேகத்தையும் தாங்க வேண்டும், அதே பைக்கைச் சாதாரண ஆள் ஓட்டினால் கல்லின் மேல் இருப்பது போல இருக்கும்.

அப்போ எப்படிப் பிடிப்பது? நான் செய்வது, றீபவுண்டை முழுக்க மூடி ஒரு சுற்று, முழுக்கத் திறந்து ஒரு சுற்று. இரண்டும் பயங்கரமாகத்தான் இருக்கும், அதுதான் வேண்டும். மூடியிருந்தால் பைக் போகப் போகக் குந்தும், வரிசை மேட்டின் கடைசியில் உதைக்கும். திறந்திருந்தால் பாய்கிற மேட்டின் விளிம்பில் பின்பக்கம் துள்ளி எழும்ப மூக்குக் கீழே போகும், இறங்கியதும் பந்து போல இன்னொரு தரம் குதிக்கும். இரண்டு கோளாறும் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் நடுவைத் தேடுவது இலேசு. இன்னொரு நன்மையும் உண்டு: நிஜ பைக்கில் திருகை முழுக்க மூடிவிட்டு வெளியே எண்ணுவார்கள், ஆகவே இலக்கம் கூடினால் மெத்தை. கேமில் எந்தப் பக்கம் இறுக்கம் என்று திரையைப் பார்த்து ஊகிக்க வேண்டாம், இரண்டு அந்தமும் ஓடிப் பார்த்தால் தானே விளங்கும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு திருகு, இரண்டு கிளிக், அதே துண்டு, மூன்று சுற்று. இரண்டு திருகை ஒன்றாகத் தொட்டால் எது திருத்தியது, எது கெடுத்தது என்று பிறகு தெரியாது. நான் கொப்பி ஒன்றில் எழுதி வைக்கிறேன்.

ஆனால் இதற்கெல்லாம் முதல் பார்க்க வேண்டியது ஆள் ஏறி இருந்ததும் பைக் எவ்வளவு இறங்குகிறது என்பதை. மோட்டோகிராஸ் பைக்கில் பின்பக்கம் 100இலிருந்து 105 மில்லிமீற்றர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, ஆள் இல்லாமல் தன் பாரத்துக்கே 30இலிருந்து 40. பின்பக்கம் கூட இறங்கினால் முன்சில்லு இலேசாகி வளைவில் வெளியே இழுக்கும், காணாமல் இறங்கினால் வளைவில் கூர்மையாகத் திரும்பும், நேர்ப்பாதையில் ஹாண்டில் தலையை ஆட்டும். பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிற ஒன்று: ஆளோடு 102 வரச் செய்துவிட்டு ஆளை இறக்கிப் பார்க்கிறபோது பைக் 20தான் இறங்குகிறது என்றால், ஸ்பிரிங் விறைப்பு என்று நினைப்போம். இல்லை, ஸ்பிரிங் மெத்தை. 102ஐப் பிடிக்கப் பிரிலோட்டை அளவுக்கு மேல் இறுக்க வேண்டியிருந்ததால்தான் ஆள் இல்லாதபோது அது எழும்பி நிற்கிறது. கேமில் நாடா வைத்து அளக்க முடியாது, ஆகவே நான் ரீபிளேயைத் தொடக்கக் கோட்டில் பக்கவாட்டாக நிறுத்தி, லப்டொப் திரையில் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்து, பின் அச்சிலிருந்து மட்கார்ட் வரை பென்சிலால் குறிக்கிறேன். பைக் காற்றில் இருக்கிறபோது இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையில் உள்ளதை முழுத் தூரத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒன்றா இல்லையா என்று கண்ணுக்குப் போதுமான அளவு தெரியும்.

கொம்பிரஷனில் ஹை ஸ்பீட், லோ ஸ்பீட் என்று இருப்பதைப் பைக்கின் வேகம் என்று எடுத்துவிடாதீர்கள், நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது சொக்கின் தண்டு போகிற வேகம். பாய்கிற மேட்டின் முகத்தில் ஏறுகிறபோது பைக் எவ்வளவு வேகமாகப் போனாலும் தண்டு மெதுவாகத்தான் அமரும், மெதுவாகப் போகிற பைக் ஒரு கல்லின் கூரான விளிம்பில் ஏறினால் தண்டு பாய்ந்து போகும்.

இந்த 300 மில்லிமீற்றர் முந்தி இருந்ததில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் தில்கென்ஸ் என்பவர் பின்னுக்கு இரண்டு சொக்குக்குப் பதிலாக ஒன்றை வைக்கிற ஒழுங்கைச் செய்தார், யமஹா அதை வாங்கியது, 1973இல் ஹோகன் ஆண்டர்சன் அதில் ஓடி 250 சீ.சீ. உலகப் பட்டத்தை வென்றார். அதன் பிறகுதான் சில்லு போய்வரும் தூரம் கடகடவென்று நீண்டது. தூரம் நீள நீள ஸ்பிரிங் சேர்த்து வைக்கிற வலுவும் கூடும், ஒயில் அதை அடக்குகிற விதமும் அவ்வளவுக்கு முக்கியமாகிவிடும். எங்கள் சீ.ரி. 100இல் தவறான ஒயில் கையை விறைக்க வைத்ததோடு நின்றது, அந்தப் பைக்குகளில் ஆளையே தூக்கி எறியும்.

இப்போது மணல் பாதை ஒன்றில் நிற்கிறேன், பெல்ஜியத்து லொம்மெல் போல ஆழ மணல். முல்லைத்தீவுக் கடற்கரையில் பைக் இறக்கியவர்களுக்குத் தெரியும், திரொட்டிலை விட்ட உடனே முன்சில்லு புதைந்து எங்கேயோ திரும்பிப் பார்க்கும், பாரத்தைப் பின்னுக்குப் போட்டுத் திரொட்டிலைத் திறந்தபடி இருந்தால்தான் மிதந்து போகும். அதே யோசனையில் போர்க் கொம்பிரஷனை இரண்டு கிளிக் இறுக்கி முன்பக்கத்தை உயர நிறுத்தினேன், நேர்ப்பாதை நன்றாக வந்துவிட்டது. வளைவின் வாசலில் மட்டும் இன்னும் முன்சில்லு வெளியே தள்ளுகிறது. பின்பக்கம் கூட இறங்கி நிற்கிறதோ என்று சந்தேகம். கடதாசியில் குறித்து வைத்திருக்கிறேன், இன்றிரவு பிரிலோட்டை மட்டும் தொடுவேன், முன் றீபவுண்ட் நாளைக்கு.