தட்டுக்கழிப் பக்கத்திலிருந்து: பரதநாட்டிய வகுப்பில் ஒரு மாதம்

2 அக்டோபர் 2025, வியாழன்

விஜயதசமி. புதுப் பிள்ளைகளுக்கு இன்று தட்டிக்கும்பிடுவதும் (ஆடும் முன் செய்யும் வணக்கம்) முதல் தட்டடவும் (காலால் தரையைத் தட்டும் அடிப்படை அசைவு; இப்படிப்பட்ட அடிப்படை அசைவுகளே அடவுகள்) போதும், அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சேரும்போது கேட்க வேண்டியவை மூன்று: வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், முட்டியிலோ கணுக்காலிலோ வலி உண்டா, திருத்தும்போது தோளையும் முழங்கையையும் தொடலாமா. அம்மா சரி என்று சொல்லியிருந்தாலும், கை வைக்கும் முன் பிள்ளையிடம் "தொட்டுக் காட்டட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். தலையாட்டத் தயங்கினால் நம் உடம்பிலேயே செய்து காட்டிவிடலாம்.

4 அக்டோபர், சனி

இன்று முழுக்க அரைமண்டிதான், அதாவது முட்டியைப் பக்கவாட்டில் மடக்கி அரைவாசி உட்காரும் நிலை. பிள்ளைகள் வகுப்பை விட்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். "உட்காரு, இன்னும் உட்காரு" என்ற அதட்டல் எந்த வகுப்பிலும் கேட்கும். அதைக் கேட்ட பிள்ளை என்ன செய்கிறது என்று கீழே குனிந்து பார்த்தால் புரியும். பாதத்தை வலிந்து பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறது. இடுப்பு அந்த அளவுக்குத் திரும்பாததால் முட்டி முன்பக்கம் சரிகிறது, உள்ளங்கால் வளைவு தரையில் படிகிறது, பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது. நாளடைவில் முட்டி வலி வரலாம். அதைச் சோம்பல் என்று நினைத்து மறுபடி அதட்டுவார்கள்.

பாதத்தின் விரிவைக் குறைத்தால் போதும். முட்டி கால்விரல்களுக்கு நேர் மேலே வருகிற இடம்தான் அந்தப் பிள்ளையின் இன்றைய அரைமண்டி. 16 எண்ணிக்கை உட்கார்ந்து, 8 எண்ணிக்கை எழுந்து நிற்கட்டும். நான்கு சுற்று போதும். எழுந்து நிற்கும் நேரம் எல்லாருக்கும் உண்டு என்று முன்பே சொல்லிவிட்டால், முடியாத பிள்ளை தனியாக எழுந்து கூச்சப்பட வேண்டியதில்லை.

11 அக்டோபர், சனி

இரண்டாம் வருடப் பிள்ளைகள், நாட்டடவு (காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் அடவு). வகுப்பின் சூழல் கெடுவது முதலில் காதில்தான் விழும். ஒருவர் தப்பு செய்கிறார், தாளத்துக்காக ஆசிரியர் பலகையில் தட்டும் தட்டுக்கழி பலமாக விழுகிறது, பலமாக விழும் கழி தானாகவே வேகமும் பிடிக்கிறது. முதல் காலம் (மெதுவான வேகம்) நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கி 70க்கு ஓடிவிட்டால், அதன் நான்கு மடங்கான மூன்றாம் காலம் 240இல் இருக்க வேண்டியது 280 ஆகிவிடும். பிள்ளையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தோள் காதுவரை ஏறும், மூச்சு நிற்கும், முழங்கை தொங்கும். அதுவரை சரியாக ஆடியவர்களும் தடுமாறுவார்கள். தப்பு இப்போது கழியினுடையது. பக்கத்தில் மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டொலி எழுப்பும் கருவி) ஓடினால் இது உடனே தெரிந்துவிடும். கழி பலகையில் விழ மட்டுமே. அதை ஆளை நோக்கி நீட்டுவதே கூடாது.

திருத்தும்போது பெயர், உறுப்பு, செய்ய வேண்டியது, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். "எத்தனை தடவை சொல்றது" என்பதில் பிள்ளைக்கு ஒரு தகவலும் இல்லை. "கண்ணு, இடது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கு" என்றால் கை உடனே ஏறும். ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஒரே திருத்தம். கை ஏறியதும், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "ஆங், அதேதான்" என்று சொல்லிவிட வேண்டும். வகுப்பு முடிந்து மொத்தமாக "நல்லா ஆடினீங்க" என்றால் எது நன்றாக இருந்தது என்றே தெரியாது.

12 அக்டோபர், ஞாயிறு

வரிசை. எப்போதும் முன்வரிசையில் நிற்பவர்கள் பார்க்கப்படுகிறார்கள்; பின்வரிசை அவர்களைப் பார்த்தே ஆடப் பழகிவிடுகிறது. ஒவ்வொரு அடவுக்கும் முன்வரிசை பின்னால் போகட்டும். பின்வரிசை முன்னால் வந்த முதல் முறை கால் குழம்பும். அப்போது அடவுக்குரிய தாளச் சொற்களான சொல்லுக்கட்டை எல்லாருமாக வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு ஒரு சுற்று முடித்துவிட்டு ஆடினால் சரியாகிவிடும்.

25 அக்டோபர், சனி

சலங்கை பூஜைக்கு (பிள்ளைகள் முதன்முதலில் சலங்கை கட்டும் விழா) உடை அளவு. இடுப்பளவை வகுப்பு நடுவே உரக்கச் சொல்லி எழுதுவது வேண்டாம். தனியாக ஒருவர் அளக்க, அவரே தாளில் குறிக்கட்டும். "குண்டு", "கறுப்பு" என்ற சொற்கள் வேடிக்கைக்காகக் கூட வகுப்புக்குள் வரக் கூடாது. ஒப்பனைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவரவர் நிறத்துக்கேற்ற பேஸ் (முகத்துக்கான அடிப்பூச்சு) எடுத்துவரச் சொல்ல வேண்டும். எல்லார் முகத்திலும் ஒரே வெளிர் நிறத்தை அப்பினால், பிள்ளைக்குத் தன் முகமே குறையாகத் தெரியும்.

மாதவிலக்கு நாளில் ஆடுவதா, உட்கார்ந்து தாளம் போடுவதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். காரணம் கேட்கத் தேவையில்லை. சலங்கையைத் தொடாதே என்று ஒதுக்கி உட்காரவைப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

1 நவம்பர், சனி

மூன்றாவது தட்டடவு: வலது காலில் மூன்று தட்டு, நான்காவது நிறுத்தம், பிறகு இடது. அந்த நிறுத்தத்தில்தான் புதுப் பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள், அல்லது நான்காவது தட்டையும் தட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தில் "இரு" என்று சேர்ந்து சொல்லவைத்தால் இரண்டும் அடங்கும். கடைசி ஐந்து நிமிடம் கதவைத் திறந்து பெற்றோரை உள்ளே அழைக்கலாம். எல்லாரும் சேர்ந்து ஆடுவதை மட்டும் காட்டினால் போதும். வாட்ஸ்அப் குழுவில் தனி ஒரு பிள்ளையின் வீடியோ வேண்டாம், மறுநாளே மற்ற வீடுகளில் ஒப்பீடு தொடங்கிவிடும். அடுத்த சனிக்கிழமை நான்காவது தட்டடவு, நிமிடத்துக்கு 50 தட்டில்.