கார்டை வெட்டினேன், கணக்கு மூடவில்லை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த வாரம், வீட்டுக்கடன் கேட்டு கடலூரில் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தேன். கோண்டூர் பக்கம் ஒரு மனை, முன்பணம் கொடுத்தாயிற்று. அதிகாரி கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"மேடம், சிபில் 668 காட்டுது. கார்டுல ஏதாவது பாக்கி வச்சிருக்கீங்களா?"

பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். பாக்கி என்பதை அடுத்தவர் பெயருக்கு நேரே எழுதித்தான் பழக்கம். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று வங்கிகள் பார்க்கிற மார்க்தான் சிபில். ஜனவரியில் 781 இருந்த ஸ்கோர் அது.

எல்லாம் கிரெடிட் கார்டு பாயிண்ட் ஆசைதான். வேலை புதுச்சேரியில், வீடு மஞ்சக்குப்பத்தில். தினம் ஸ்கூட்டரில் போய்வருகிறேன். கன்னியக்கோவில் தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு என்பது கடலூரில் எல்லோருக்கும் தெரியும். அதோடு சர்சார்ஜ் (கார்டில் பெட்ரோல் போட்டால் பிடிக்கிற கூடுதல் கட்டணம்) தள்ளுபடியும் கிடைக்கும் என்று ஒரு பெட்ரோல் கார்டு வாங்கினேன். அதற்குக் குறைந்தது 400 ரூபாய்க்குப் போட வேண்டும். என் ஸ்கூட்டர் டேங்க் மொத்தமே ஐந்து லிட்டர். 400 ரூபாய்க்கு இடம் வேண்டுமே என்று ரிசர்வ் விளக்கு எரிய எரிய அரியாங்குப்பத்திலிருந்து ஓட்டி வந்திருக்கிறேன். மிச்சம் எவ்வளவு தெரியுமா? நாலு ரூபாய்.

ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் மூன்று கார்டுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு வந்தன, ஒன்றை மறுத்துவிட்டார்கள். மறுத்தாலும் அந்த வங்கி விசாரித்த தடம் சிபில் வைத்திருக்கிற நம் கடன் வரலாற்று ரிப்போர்ட்டில் இருக்கும். கொஞ்ச நாளைக்குள் மூன்று இடத்தில் கைநீட்டினால் 'இவளுக்கு என்ன பணமுடை?' என்றுதான் சிபில் கணக்கு போடும். ஸ்கோர் 764க்கு வந்தது. இது தானாக ஆறுகிற காயம், சில மாதம் சும்மா இருந்தால் போதும். (நாமே நம் ஸ்கோரைப் பார்த்தால் குறையாது. "அடிக்கடி பாக்காதீங்க அக்கா, குறைஞ்சிடும்" என்று ஆபீஸ் தம்பி ஒருவன் பயமுறுத்தியதை நம்பி நான் ஐந்து மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்ததுதான் பெரிய தப்பு.)

புதுசு வந்ததும் பழசைத் தேய்ப்பது நின்றது. அது 2014இல் முதல் சம்பளக் கணக்கோடு வந்த கார்டு, லிமிட் 2 லட்சம். வருஷத்துக்கு இவ்வளவு செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் கிடையாது என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இனி அந்தத் தொகையைத் தொட முடியாது, 500 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியுமாக 590 தண்டம் என்று மூடிவிட முடிவு செய்தேன். ஜூன் 9 அன்று பாக்கி முழுவதையும் கட்டி, பாயிண்டுகளையும் பணமாக்கிக்கொண்டு, 11ஆம் தேதி டோல்ஃப்ரீயில் சொன்னேன். அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்: "இந்த வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம் மேடம்." வேண்டாம் என்றேன். வீறாப்பு. இப்போது யாராவது கேட்டால், தள்ளுபடியை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கட்டணமே இல்லாத கார்டாக மாற்றித் தரக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். "ரெக்வெஸ்ட் பதிவாகிடுச்சு மேடம்" என்று எஸ்எம்எஸ் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து கார்டை நாலாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.

மூடிய கார்டின் பழைய வரலாறு உடனே அழிந்துவிடாது, ரிப்போர்ட்டில் சில வருஷம் இருக்கும். உடனே போவது லிமிட். நான் பாயிண்டுக்காகச் சித்தப்பா வீட்டு பிரிட்ஜ், தம்பி வீட்டு ஸ்கூல் பீஸ் என்று எல்லாவற்றையும் என் கார்டில் தேய்த்துவிட்டு, ஜிபேயில் பணம் வாங்கிக்கொள்கிற ரகம். மாதம் 48,000 வரை போகும். மூன்று கார்டும் சேர்ந்து 3,40,000 லிமிட் இருந்தபோது அது 14 சதவீதம். பழையதை விட்டால் மிச்சம் 1,40,000, அதே செலவு 34 சதவீதம். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாதாமாதம் முழுசாகக் கட்டிவிடுகிறேனே என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. பெரும்பாலும் பில் போடும் அன்று நிற்கிற தொகைதான் ரிப்போர்ட்டில் போய்ச் சேருகிறது.

சரி, இது இருபது முப்பது புள்ளி விவகாரம். 668 எப்படி வந்தது?

அன்று ராத்திரி ரிப்போர்ட்டை இறக்கினேன். வருஷத்துக்கு ஒன்று இலவசம், சிபிலோடு சேர்த்து நாலு கிரெடிட் நிறுவனங்களிலும் தனித்தனியாக எடுக்கலாம். பழைய கார்டுக்கு நேரே 000, 000 என்று மாதாமாதம் கோலப்புள்ளி மாதிரி வரிசை. கடைசியில் ஜூலையில் 006, ஆகஸ்டில் 037, செப்டம்பரில் 067. எத்தனை நாள் தாமதம் என்கிற கட்டம் அது. நான் நாலாக வெட்டிய கார்டு உயிரோடு இருந்தது. ஜூலை 5 பில்லில் அந்த 590ஐப் போட்டு, தாமதக் கட்டணம், வட்டி, அதற்கு ஜிஎஸ்டி என்று 2,147 ஆக வளர்த்திருந்தார்கள். பில் எல்லாம் நான் விட்டுவந்த பழைய கம்பெனி மெயிலுக்குப் போயிருக்கிறது. தெரியாத எண் என்றால் போனை எடுப்பதில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அரை நாள் லீவு போட்டு, கார்டு கொடுத்த வங்கியின் புதுச்சேரி கிளைக்குப் போனேன்.

"கார்டு டிபார்ட்மென்ட் வேற, கிளை வேற மேடம். டோல்ஃப்ரீல பேசுங்க."

"பேசினேன் சார். கிளைக்குத்தான் போகச் சொன்னாங்க."

"யார் சொன்னது?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? டோக்கன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே மறுபடி டோல்ஃப்ரீயில் பேசினேன். மூடச் சொன்னதாகப் பதிவே இல்லையாம், 2,147ஐக் கட்டினால் உடனே மூடிவிடலாமாம். நான் குரலை உயர்த்தியதும் "1,200 கட்டுங்க, செட்டில்மென்ட்ல முடிச்சிடலாம்" என்றார்கள். இதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று ஏறிவிடும். அடுத்து கடன் கொடுக்கிறவர் கண்ணில் அது, முழுசாகக் கட்டாதவர் என்றுதான் படும்.

சிபில் தளத்திலும் முறையிட்டிருந்தேன். இரண்டு வாரத்தில் 'மாற்றமில்லை' என்று திரும்பி வந்தது. அவர்களாக எதையும் திருத்த முடியாது, வங்கியைத்தான் கேட்பார்கள். வங்கி "எங்கள் விவரம் சரி" என்று சொன்னால் அவ்வளவுதான்.

அப்போதுதான் ஜூன் மாத எஸ்எம்எஸ் ஞாபகம் வந்தது. ஆகஸ்டில் நான் போன் மாற்றிவிட்டேன். பழைய போன் நெல்லிக்குப்பத்தில் அம்மாவிடம். ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். பின்மூடி உப்பி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. சார்ஜ் ஒரு சதவீதம். வயரைச் செருகி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டே ஆயிரத்துச் சொச்சம் செய்தியை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ரேஷன் கடை, ரீசார்ஜ், லாட்டரி மோசடி, கேஸ் சிலிண்டர். அதற்கெல்லாம் அடியில் 11-06-2025, கோரிக்கை எண்ணோடு. அம்மா எதையும் அழிக்கத் தெரியாதவள் என்பதால் பிழைத்தேன்.

அதைப் படமெடுத்து, ஜூன் பில்லையும் 9ஆம் தேதி கட்டிய ரசீதையும் சேர்த்து, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தர வேண்டும். அதுவரை 'அன்பார்ந்த வாடிக்கையாளரே' என்று வந்துகொண்டிருந்த பதில் போய், ஒரு மனுஷர் போனில் வந்தார். அக்டோபர் 27 அன்று கார்டு மூடப்பட்டது, 2,147 ரத்து, பாக்கியில்லை என்ற கடிதம் கைக்கு வந்தது. அந்தக் கடிதம் வரும்வரை கார்டு மூடியதாக நினைக்காதீர்கள். ஆட்டோ பே ஏதாவது ஓடுகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

500 ரூபாய் விஷயத்தில் மட்டும் மௌனம். ஜூன் 21இலிருந்து 129 நாள், 64,500 ரூபாய். கணக்கு எழுதுகிறவள் சும்மா விடுவேனா? நவம்பரில் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிறவர்) தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி 2025 முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்று அப்போது விதி இருந்ததால் திருத்தம் சீக்கிரமே ஏறியது. அந்தத் தாமதக் கட்டங்கள் போனதும் 743. பில் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்ட ஆரம்பித்ததில் டிசம்பரில் 757. சித்தப்பாவிடம் இனி அவர் கார்டையே தேய்க்கச் சொல்லிவிட்டேன். கடன் கிடைத்தது, மனைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார்.

பழைய போனுக்கு புது பேட்டரி போட்டுக் கொடுத்து, எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதே என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். இப்போது வாரம் இரண்டு முறை ஆபீஸ் நேரத்தில் போன் வருகிறது. "பாப்பா, உனக்கு அஞ்சு லட்சம் லோன் ரெடின்னு ஒண்ணு வந்திருக்கு. இதையும் வச்சிருக்கணுமா?"