பிளிஸ்டர் கழிவுச் செலவைக் குறைக்க வேண்டிய இடம் பேக்கிங் லைன்தான்

மாத்திரையைக் குழிகளில் போட்டு ஃபாயில் ஒட்டி பிளிஸ்டர் (ஸ்ட்ரிப்) ஆக்கும் ஆலைகளில் கழிவு அகற்றும் செலவு ஏறினால், கழிவு எடுப்பவரிடம் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் தொடங்கிவிடும். அதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒரு மூட்டைக்கு என்ன கட்டணம் என்பதை அதற்குள் கிடக்கும் மிக மோசமான பொருள்தான் தீர்மானிக்கிறது. ஐம்பது கிலோ சுத்தமான ட்ரிம்முக்குள் (ஸ்ட்ரிப்பை வெட்டும்போது மிஞ்சும் ஓரத் துண்டுகள்) மாத்திரையோடு நாலு ஸ்ட்ரிப் விழுந்தால், அந்த ஐம்பது கிலோவும் எரியூட்டும் கட்டணத்தில்தான் போகும்.

2016 அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 28-ஆம் வரிசை மருந்துத் தயாரிப்புக்கு உரியது. தரம் தவறிய மருந்து 28.4, காலாவதியானது 28.5. மருந்து படாத ஃபாயில், அட்டைப்பெட்டி, லீஃப்லெட், ஷிப்பர் (பெட்டிகளை அடுக்கும் பெரிய வெளிப்பெட்டி) ஆகியவற்றுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆகவே ஸ்ட்ரிப்பை வெட்டும் பஞ்சிங் நிலையத்துக்குக் கீழே ட்ரிம்முக்குத் தனித் தொட்டி, தள்ளுபடியான ஸ்ட்ரிப் விழும் ரிஜெக்ட் சரிவுக்குக் கீழே பூட்டுப் போட்ட தனித் தொட்டி, இரண்டுக்கும் வேறு வேறு நிறப் பை. பையைக் கட்டும்போதே பேட்ச் எண்ணும் எடையும் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்தபிறகு பிரிப்போம் என்று விட்டால் யாரும் பிரிப்பதில்லை. கோட்டிங் இல்லாத மாத்திரைகளில் தூள் ட்ரிம்மிலும் படியும். மாத்திரையைக் குழிகளில் போடும் ஃபீடருக்கு அடுத்து பிரஷ்ஷும் வாக்குவமும் வைத்து, ட்ரிம்மில் ஸ்வாப் (துடைத்தெடுக்கும் மாதிரி) எடுத்துப் பார்த்த பிறகே க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) அதைச் சுத்தம் என்று கையெழுத்திட வேண்டும். புற்றுநோய் மருந்து, ஹார்மோன் வகைகளுக்கு இந்தப் பிரிப்பே வேண்டாம். முழுவதும் எரியூட்டலுக்குப் போகட்டும்.

அடுத்தது, அலு-பிவிசி ட்ரிம்மையும் (அடியில் பிவிசி, மேலே அலுமினிய ஃபாயில்) அலு-அலு ட்ரிம்மையும் (இரண்டு பக்கமும் அலுமினியம்) ஒரே பையில் போடும் பழக்கம். 250 மைக்ரான் பிவிசி சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம். அதன்மேல் ஒட்டும் 25 மைக்ரான் ஃபாயில் 67 கிராம். ஃபாயிலில் பூசிய லாக்கரையும் சேர்த்தால் மொத்த எடையில் அலுமினியம் ஆறில் ஒரு பங்குதான். அலு-அலுவில் குழி உள்ள அடித்தகட்டில், பிளாஸ்டிக் அடுக்குகளோடு சேர்த்து, 45 மைக்ரான் அலுமினியம், மேல் ஃபாயில் வேறு. கணக்குப் போட்டால் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் அலுமினியம். தனியாக வைத்தால் மறுசுழற்சி செய்பவர் காசு கொடுத்து வாங்கும் பொருள், கலந்து வைத்தால் நாம் காசு கொடுத்து அனுப்பும் பொருளாகிறது. பிவிடிசி (ஈரத்தைத் தடுக்கும் இன்னொரு பிளாஸ்டிக்) பூசிய ஃபிலிமையும் தனியே வைக்க வேண்டும். பிவிசியை உருக்கும் சூட்டில் பிவிடிசி சிதைந்து கறுப்பதால், கொஞ்சம் கலந்தாலும் முழு லாட்டையும் திருப்பிவிடுவார்கள்.

நிரப்பிய ரிஜெக்ட் ஸ்ட்ரிப்புக்கு டீபிளிஸ்டரிங் இயந்திரம் (ஸ்ட்ரிப்பை ரோலர்களுக்கு இடையில் அழுத்தி மாத்திரையை வெளியே தள்ளுவது) வாங்கலாமா என்பதற்கு எடைக்கணக்கே பதில் சொல்லும். 600 மில்லிகிராம் மாத்திரை பத்து என்றால் 6 கிராம். 95க்கு 40 மில்லிமீட்டர் அலு-பிவிசி உறை ஒன்றரை கிராம்தான். மாத்திரையைப் பிரித்தெடுத்தாலும் எரியூட்டப் போகும் எடை ஐந்தில் ஒரு பங்கே குறையும். 120 மில்லிகிராம் மாத்திரை என்றால் உறையும் மாத்திரையும் கிட்டத்தட்ட சம எடை, பாதி மிச்சம். சிறிய மாத்திரை, அலு-அலு உறை, இந்தச் சேர்க்கையில்தான் இயந்திரம் தன் விலையை மீட்கும். ரோலர் இடைவெளியை மாத்திரையின் தடிமனுக்கு ஏற்றபடி ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாற்ற வேண்டும். இறுக்கமாக வைத்தால் மாத்திரை நொறுங்கித் தூள் குழிக்குள் ஒட்டும், அந்தக் காலி உறையும் மறுபடி அபாயக் கழிவுதான். சாஃப்ட்ஜெல்லை (எண்ணெய் அடைத்த மென்மையான கேப்சூல்) இதில் போடவே கூடாது. வெடித்து எண்ணெய் எங்கும் பரவும்.

ரிஜெக்ட்டே வராமல் பார்ப்பது இதையெல்லாம்விடப் பெரிய சேமிப்பு. மிஷின் நிற்கும் ஒவ்வொரு முறையும் பிவிசியைக் குழியாக்கச் சூடேற்றும் தகடுகளுக்கு இடையில் இருக்கும் பிவிசி நீளம் வீணாகிறது. பத்து நிமிட நிறுத்தம் ஒன்றைவிட அரை நிமிட நிறுத்தங்கள் இருபது அதிகக் கழிவு தரும். பெரிய பிரேக்டவுனை எல்லோரும் பதிவு செய்கிறார்கள், இந்தக் குட்டி நிறுத்தங்களை யாரும் எழுதுவதில்லை. ஃபாயில் ரோலில் துண்டுகளை இணைக்கும் ஒட்டு எத்தனை வரலாம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே வரம்பு வையுங்கள். காலிக் குழியைக் கண்டுபிடிக்கும் என்.எஃப்.டி. கேமரா நல்ல ஸ்ட்ரிப்பைத் தள்ளினால் முதலில் லென்ஸில் தூள் படிந்திருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். வெள்ளை மாத்திரையும் வெள்ளை பிவிசியும் சேர்ந்தால் ஒளியின் கோணத்தை மாற்ற வேண்டிவரும். ஸ்ட்ரிப்பைச் சாய நீரில் மூழ்கவைத்துப் பார்க்கும் லீக் டெஸ்ட்டில் நீலச்சாயம் உள்ளே போனால் சீலிங் வெப்பத்தைக் கூட்டுவதற்கு முன் சீலிங் ரோலரின் பல்வரிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

அச்சிட்ட ஃபாயிலும் கார்ட்டனும் (மருந்து அட்டைப்பெட்டி) சுத்தமானவையே ஆனாலும் அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போகக் கூடாது. போலி மருந்துக்கு அதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி பிராண்டுகளுக்கு பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம் என்பதால், முழுசாக வெளியே போகும் ஒரு கார்ட்டன்கூட ஆபத்து. ஆலைக்குள்ளேயே ஷ்ரெடரில் எழுத்தும் கோடும் படிக்க முடியாத அளவுக்கு வெட்டி, எடையை பேட்ச் பேக்கிங் ரெக்கார்டில் எழுதி, ஸ்டோரிலிருந்து வந்த எடையோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் விற்க வேண்டும்.

சிமெண்ட் சூளைக்கு அனுப்பினால் எரியூட்டலைவிட மலிவு என்று பலர் கேட்டு அலைகிறார்கள். பிவிசி எடையில் 57 சதவீதம் குளோரின். அது ப்ரீஹீட்டரில் (மூலப்பொருளைச் சூளைக்கு முன் சூடாக்கும் பகுதி) படிந்து அடைப்பதால் பிவிசி மூட்டையைச் சூளைக்காரர்கள் விரும்புவதில்லை. மருந்து பட்ட பாலித்தீன் லைனர், பேப்பர், துணி இவற்றைப் பிவிசி கலக்காமல் வைத்தால்தான், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற சூளைக்கு அனுப்பும் வழி திறக்கும்.

கடைசியாக லாரி. அபாயக் கழிவை 90 நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன்னுக்குள் உள்ளவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நீட்டிப்புக் கேட்கலாம். ஆலத்தூர் போன்ற தொழிற்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்குப் பாதி நிறைந்த லாரி போனால் முழு வாடகையும் கொடுத்தாக வேண்டும். ஸ்ட்ரிப் கழிவு எடை குறைவு, இடம் அதிகம். ட்ரிம்மை பேலிங் பிரஸ்ஸில் அழுத்திக் கட்டுங்கள். கூரைக்கு அடியில் வையுங்கள், மழையில் நனைந்த அட்டைக்குத் தண்ணீர் எடையும் சேர்த்துப் பில் வரும். லாரி கிளம்பும்முன் உங்கள் எடை மேடையில் ஏற்றி, பெறுபவர் கையெழுத்திட்டு அனுப்பும் மேனிஃபெஸ்ட் (கழிவோடு செல்லும் சீட்டு) பிரதியில் உள்ள எடையோடு ஒத்துப்பார்த்த பின்பே பில்லை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புங்கள்.