பொலிஸ் வந்த வீடு

படிக்கப் போகிற இந்தப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை என்று, கனடா கேட்டால், இலங்கைப் பொலிஸ் தருகிற சான்றிதழைக் காட்ட வேண்டும். அதற்குப் பொலிஸ் பிள்ளையின் வீட்டுக்கு வர வேண்டும். கொழும்பில் தொடர்மாடியில் இருப்பவருக்கு இது ஒரு விசயமே இல்லை. வன்னியில், விசுவமடுவில் ஒரு ஒழுங்கைக்குள் பொலிஸ் மோட்டார் சைக்கிள் திரும்பினால், அது படலையடியில் நிற்கும் முன்னமே நாலு வேலிக்கு அங்கால் செய்தி போய்விடும். கள்ள மணல் ஏத்தினதோ, கசிப்புக் காய்ச்சினதோ, லீசிங் காசு கட்டேல்லையோ? பிள்ளை படிக்கப் போகிறாள் என்ற விளக்கம் கடைசியாகத்தான் போய்ச் சேரும். சேர்ந்தாலும் முழுதாக நம்ப மாட்டார்கள்.

எல்லா நாட்டுக்கும் இந்தப் பாடு இல்லை. பிரித்தானியாவின் மாணவர் விசாவுக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்பதில்லை. நியூசிலாந்து, 24 மாதத்துக்கு மேல் தங்கப் போகிற, 17 வயது கடந்தவரிடம் கேட்கும். அவுஸ்திரேலியா கேட்டால், 16 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்துக்குள் மொத்தமாக 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். கனடாவின் படிப்பு அனுமதியில் எல்லாரிடமும் முதலிலேயே வாங்குவதில்லை. கோப்பைப் பார்க்கிற அதிகாரி கேட்டால் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்டால், 18 வயதுக்குப் பிறகு தொடர்ந்து 6 மாதம் இருந்த நாடுகள்தான் பொதுவான கணக்கு. ஆகவே இரண்டு வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு இப்போது படிக்கப் போகிற அண்ணைமார், இலங்கைப் பொலிஸ் தந்ததோடு அலுவல் முடிந்தது என்று இருக்கக் கூடாது. கட்டார்ச் சான்றிதழும் வேண்டும். தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து 20 வயதில் ஊர் திரும்பியவருக்கும் இதே கணக்குத்தான்.

முதல் அலுவல் ஜி.எஸ்ஸிடம், அதாவது கிராம சேவகரிடம். வதிவிடத்தையும் நற்குணத்தையும் உறுதிப்படுத்துகிற பத்திரத்தை அவர் எழுதித் தர, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இங்கேதான் முதல் சறுக்கல். இடம்பெயர்ந்து, மீளக்குடியேறி, பிறகு வீட்டுத்திட்டம் கிடைத்து இன்னொரு காணிக்குப் போன குடும்பத்தின் பெயர் பழைய பிரிவிலேயே கிடக்கும். பத்திரத்தை ஆள் இருக்கிற இடத்தில் எழுதுவதா, பெயர் இருக்கிற இடத்தில் எழுதுவதா என்று இரண்டு ஜி.எஸ்மாரும் ஆளை ஆள் காட்டினால், ஒரு கிழமை மோட்டார் சைக்கிளிலேயே போகும். இதை விசா வேலை தொடங்கும் முன்னமே திருத்தி வைத்தவர் கெட்டிக்காரர். பத்திரத்தில் எழுதுகிற முகவரியும் விண்ணப்பத்தில் போடுகிற முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் "வாசிகசாலையடி", மற்றதில் "பாடசாலை வீதி" என்றிருந்தால், அது ஒரே வளவு என்பது ஊருக்குத் தெரியும், கொழும்புக்குத் தெரியாது.

அடுத்தது, இணைய அலுவல் பார்த்துத் தருகிற கொம்யூனிகேசன் கடை. விண்ணப்பம் பொலிஸ் திணைக்களத்தின் இணையத்தளத்தில்தான். வீட்டில் கணினி இருந்தாலும், இந்த அலுவலைக் கடைத் தம்பியிடம் கொடுத்தால்தான் அப்பாமாருக்கு மனம் ஆறும்.

"அண்ணை, ஐ.சி. இரண்டு பக்கமும் வேணும்."

"பின்பக்கத்தில என்ன கிடக்கு தம்பி?"

"அட்ரஸ் பின்பக்கத்தில தானே அண்ணை கிடக்கு."

அண்ணை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார். முற்றத்தில் கதிரையில் வைத்து, பிளாஷ் போட்டு எடுத்த படம். வெளிச்சம் அடையாள அட்டை இலக்கத்தின் மேலேயே போய் விழுந்திருக்கும், அதற்கு வேறு இடமே கிடைக்காதது போல. போதாததற்கு வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. அதைவிட, அட்டையைக் கொண்டுபோய்க் கடையிலேயே ஸ்கான் பண்ணுவது சுகம். கடவுச்சீட்டில் விபரப் பக்கம் முழுதாக விழ வேண்டும். அடியில் அம்புக்குறிகளோடு ஓடுகிற இரண்டு வரியையும் தேவையில்லாதது என்று வெட்டிவிடக் கூடாது.

மேற்படிப்புக்குப் போகிற, வயது கொஞ்சம் கூடியவர்களுக்கு இன்னொரு குழப்பம். அட்டையில் 9 இலக்கமும் ஒரு வி எழுத்தும் இருக்கும், கடவுச்சீட்டில் 12 இலக்கம் இருக்கக் கூடும். இரண்டும் இரண்டு ஆள் இல்லை. முன்னுக்கு 19 போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பிறகு ஒரு 0 செருகி, வியை எடுத்துவிட்டால் புதிய இலக்கம். 1995 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் பழைய இலக்கம் 95561 என்று தொடங்கும், புதியது 19955610 என்று தொடங்கும். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் வைப்பார்கள். அதனால்தான் மார்ச் 1 அறுபத்தோராம் நாள். இதைத் தெரியாமல் "ஐ.சியில பிறந்த நாள் பிழை" என்று அடையாள அட்டைக் கந்தோருக்கு வெளிக்கிட்டவர்களும் உண்டு.

இனிப் பெயர். விண்ணப்பத்தில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடிதான், ஒரு எழுத்தும் கூடாமல் குறையாமல். எங்கள் பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு சட்டை போடும். சிவா என்ற பெயரில் ஒருவர் வி போட்டால் இன்னொருவர் டபிள்யூ போடுவார். தர்ஷினிக்கு முதலில் டி மட்டுமா, டி எச்சா என்பதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொள்கை, பரீட்சைத் திணைக்களத்துக்கு ஒரு கொள்கை. கடவுச்சீட்டுக்கும் மற்றப் பத்திரங்களுக்கும் எழுத்து வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருப்பது நல்லது. குடும்பப் பெயர்க் கட்டம் கடவுச்சீட்டில் வெறுமையாக இருந்தால், கனடாவின் படிவத்தில் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதை வெறுமையாக விட வேண்டும். அப்பாவின் பெயரைத் தானாகக் கொண்டுவந்து அதற்குள் இருத்துவது கடைத் தம்பிமாரின் கெட்ட பழக்கம்.

முகவரிக் கட்டத்தில்தான் அப்பாமார் நிமிர்ந்து உட்காருவார்கள். சான்றிதழ் எந்தக் காலத்துக்கு வேண்டுமோ, அந்தக் காலத்தில் இருந்த இடங்களையும் அந்தந்தப் பொலிஸ் பிரிவையும் கேட்கும். அப்பா தொடங்குவார்.

"தர்மபுரம் போடு. பிறகு உடையார்கட்டு. பிறகு சுதந்திரபுரம். மாத்தளன். பிறகு செட்டிகுளம், மெனிக் பாம்."

"அண்ணை, அப்ப பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"மூண்டு."

"மூண்டு வயசில அவ என்ன குற்றம் செய்திருப்பா அண்ணை?"

"கேட்டால் சொல்லவேணுமே தம்பி."

2009இல் யுத்தம் முடிந்த பிறகு கண்ட கந்தோர் எல்லாம் இடம்பெயர்ந்த அந்த வரிசையைக் கேட்டுக் கேட்டு, ஆளுக்கு அது தேவாரம் மாதிரிப் பாடமாகிவிட்டது. இங்கே அது தேவையில்லை. ஆனால் அப்பா விடக் கூடாத ஒன்றை விட்டிருப்பார். பிள்ளை உயர்தரம் படிக்க யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் விடுதியில் நின்றது. "அது படிக்கத்தானே போனது, இருக்கவோ போனது?" என்பார். அந்த முகவரியையும் போட வேண்டும். போட்டால் அந்தப் பிரிவுப் பொலிஸிலிருந்தும் அறிக்கை வர வேண்டும். ஊர்ப் பொலிஸ் அறிக்கை அனுப்பிய பிறகும் கோப்பு அசையாமல் கிடக்கிறதென்றால், பெரும்பாலும் இப்படி இரண்டாவது நிலையத்தில்தான் நிற்கும். அங்கே நேரில் போய் விசாரிப்பதுதான் வழி.

கட்டணம் வங்கி அட்டையால் கட்டலாம். வங்கியில் இணையக் கொடுப்பனவு திறக்காத அட்டை இந்த இடத்தில் படுத்துவிடும். முதல் நாளே வங்கியோடு கதைத்து அதைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் ஒரு குறிப்பு இலக்கம் வரும். அதைக் கடைத் தம்பியின் கொப்பியில் மட்டும் எழுதிவிட்டு வந்தால், பிறகு கடை பூட்டுகிற நாளில்தான் அது தேவைப்படும். நாட்டின் பெயரைப் போடுகிற கட்டத்தையும் பார்த்து நிரப்ப வேண்டும். கனடாவுக்கு என்று எடுத்ததை அவுஸ்திரேலியாவுக்குத் தள்ளலாம் என்று கணக்குப் போடக் கூடாது. "கெதியா எடுத்துத் தாறம்" என்று தனிக்காசு வாங்குகிற முகவரிடம் கொடுத்தாலும் விண்ணப்பம் அதே வரிசையில்தான் நிற்கும்.

கொடுக்கிற தொலைபேசி இலக்கம், எடுக்கப்படுகிற இலக்கமாக இருக்க வேண்டும். பிள்ளையின் போன் வகுப்பில் நிறுத்திக் கிடக்கும். அம்மா தெரியாத இலக்கம் எல்லாம் லொத்தர்க்காரன் என்று வெட்டிவிடுவா. அப்பா வயலுக்குள், குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல். மூன்று முறை எடுத்துப் பார்த்த பொலிஸ்காரர் நேரே வெளிக்கிட்டு வருவார், அல்லது கோப்பை அடியில் வைப்பார்.

வந்தால் கேட்பது பெரிய விசயமில்லை. எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், வேறு எங்கே இருந்தீர்கள், வீட்டில் யார் யார், எந்த நாட்டுக்கு, என்ன படிப்பு. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஜி.எஸ். பத்திரம் மூன்றின் மூலப்பிரதியும், போட்டோக்கொப்பி ஒரு கட்டும் மேசையில் இருந்தால் பத்து நிமிட வேலை. பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போவார்கள். வாக்குமூலம் மாதிரி எதையாவது சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. குறைந்தது வாசித்து விளங்கப்படுத்திய பிறகு ஒப்பம் வையுங்கள். தேத்தண்ணி கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள்தான் பக்கத்து வீட்டு மாமி கோப்பையோடு சீனிக்கு வருவா.

"என்ன பிள்ளை, ஆக்கள் வந்திருக்கினம்?"

"மகளின்ர அலுவலா மாமி. கனடாவுக்கு."

"ஓ... கனடாவுக்கு." சீனியை மறந்துவிட்டு மாமி திரும்பிப் போவா. பின்னேரம் கோயிலடியில், மணல் வழக்கென்று கதை முடிந்திருக்கும்.

ஹெல்மட் போடாமல் ஓடி, சீட்டு எழுதி, தபாற்கந்தோரில் தண்டம் கட்டியதை நினைத்து நித்திரை கெடுகிற பெடியளும் உண்டு. அதற்காக ஒருவரும் கலங்கத் தேவையில்லை. ஆனால் கைது, வழக்கு, தண்டனை உண்டா என்று கனடாவின் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. இலங்கை மட்டுமில்லை, எந்த நாட்டிலும். அங்கே இருப்பதை ஒளித்தால், பிழையான தகவல் தந்ததென்று 5 வருடத் தடை. வழக்கைவிட அந்தத் தடைதான் பெரிய வழக்கு.

எப்போது விண்ணப்பிப்பது? உயர்தர மறுமொழி வந்த புளுகத்தில் எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது இருக்கிற நாட்டுச் சான்றிதழ் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கனடா கேட்கும். நியூசிலாந்தும் அப்படித்தான். பல்கலைக்கழகக் கடிதம் கைக்கு வந்த அன்று தொடங்குவது சரி. அதிகாரி கேட்டு எழுதி, கெடுவுக்குள் சான்றிதழ் வராவிட்டால், பேசாமல் இருக்கக் கூடாது. விண்ணப்பித்த பற்றுச்சீட்டையும், ஏன் சுணங்குகிறது என்ற ஒரு கடிதத்தையும் கெடு முடியும் முன்னம் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

சான்றிதழ் தபாலில் வரும். வளவுக்கு இலக்கம் இல்லாத வீடென்றால் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வந்ததும் முதல் வேலை நிறத்தில் ஸ்கான் பண்ணுவது. லெமினேட் பண்ணுவது இல்லை. ஊரில் பெறுமதியான கடதாசி என்றால் உடனே பிளாஸ்டிக்குக்குள் போட்டு வேக வைக்கிற பழக்கம், பிறப்பு அத்தாட்சியிலிருந்து திருமணப் பதிவு வரை. பிறகு அதில் சீல் குத்த வேண்டி வந்தால் மை பிடிக்காது, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

தபால்காரர் படலையில் மணி அடிப்பார். கடித உறையில் பொலிஸ் சின்னம் இருக்கும். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பா.

"கோட்டுக் கடிதமோ பிள்ளை?"

"இல்லை மாமி. பிள்ளையில ஒரு வழக்கும் இல்லை எண்டு பொலிஸ் தந்த சேட்டிபிகேற்."

மாமி கொஞ்ச நேரம் யோசிப்பா. "என்ர பெடியனுக்கும் ஒண்டு எடுக்கலாமோ?"

"எடுக்கலாம் மாமி. கொம்யூனிகேசனில குடுத்தால் அந்தத் தம்பி போட்டுத் தருவான்."

"இல்லைப் பிள்ளை," மாமி குரலைத் தாழ்த்துவா. "அவனுக்கு அந்த மணல் வழக்கு வாற மாதமும் தவணை. அதுக்கு முன்னம் எடுத்துப் போடலாமோ எண்டு கேட்டனான்."