பீன்ஸ் தேமல்: பூம்பாறைக் குறிப்புகள்

மார்ச் 9
மேல் பாத்தியில் அப்பா காலத்திலிருந்து விதை எடுத்துவரும் கொடி பீன்ஸ். கீழ்ப் பாத்தியில் கடை விதை, செடி பீன்ஸ். ஒரே உரம், ஒரே தண்ணீர். மேலே மட்டும் தேமல்: நரம்பை ஒட்டிக் கரும்பச்சை, இடையில் வெளிர்பச்சை, இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கிறது.

மார்ச் 12
பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "அசுவினிதான் தம்பி, மருந்தடிச்சாச் சரியாயிடும்" என்றார். இலையில் சாறு உறிஞ்சும் அந்தக் குட்டிப் பூச்சி இருப்பது உண்மை. ஆனால் பீன்ஸ் தேமல் வைரஸை அது இலையில் குத்திய சில நொடிகளிலேயே பரப்பிவிடும். மருந்து பட்டுச் சாவதற்குள் வேலை முடிந்துவிடும். தவிர, முதல் மூவிலை விரியும்போதே சில செடிகளில் தேமல் தெரிந்தது. விதையிலேயே வந்திருக்க வேண்டும். மருந்துக்குக் காசு தண்டம்.

மார்ச் 27
கீழ்ப் பாத்தி இன்னும் பளிச்சென்று இருக்கிறது. இந்த வைரஸைத் தாங்கும் ரகங்கள் பலவற்றில் 'ஐ' என்ற ஒற்றை மரபணு இருக்கும். 1930-களில் அமெரிக்காவில் பிரபலமான கார்பெட் ரெஃப்யூஜி என்ற பீன்ஸ் வழியாக நிறைய ரகங்களுக்குப் போனது. அது உள்ள செடியில் தேமல் வராது, விதையிலும் வைரஸ் ஏறாது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வைரஸின் சில வகைகள் தாக்கினால், அதுவும் வெயில் 30 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், நரம்பும் வேரும் கறுத்துச் செடியே செத்துவிடும். பார்க்கத்தான் பயங்கரம், செத்த செடி விதை கொடுக்காது. நம் பழைய கொடியோ தேமலோடு காய்த்து, அடுத்த போகத்துக்கும் வைரஸைக் கொடுத்தனுப்புகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

நான் வாங்கிய ரகத்தில் அந்த மரபணு இருக்கிறதா? பாக்கெட்டில் முளைப்புத்திறன் போட்டிருக்கிறது, விலை போட்டிருக்கிறது. இதைக் காணோம்.

ஏப்ரல் 16
பழைய ரகத்தை விட அம்மாவுக்கு மனமில்லை. குழம்பில் அந்த ருசி கடை ரகத்துக்கு வராது, எனக்கும் தெரியும். சரி, விதைக்கு மட்டும் கறாராக இருப்போம். பூக்கும் முன்பே தேமல் வந்த செடிகளில் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். பூத்த பிறகு தொற்றிய செடியின் விதையில் பெரும்பாலும் வைரஸ் ஏறுவதில்லை. அதனால் அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 29
காய் எடுப்பு. சிவப்புத் துணிச் செடிகளில் ஒன்றைக்கூட முற்ற விடவில்லை. சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வைரஸால் ஒன்றும் ஆகாது; எல்லாம் வத்தலக்குண்டு லாரியில் ஏறிவிட்டது. பண்ணைக்காட்டு மச்சான் இரண்டு படி விதை கேட்டிருக்கிறார். துணி கட்டாத செடிகளின் காய் காய்ந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.