777 போடுவதற்கு முன்னால்

உபுண்டு லினக்ஸில் ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுப்பு) என்று வந்தாலே ஃபைலுக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போடச் சொல்வதைத் தயவுசெய்து விடுங்கள். அந்த கம்ப்யூட்டரில் உள்ள எந்த யூசரும் அந்த ஃபைலைத் திருத்தலாம் என்று ஆகிவிடும்.

கோளாறு பல நேரம் ஃபைலில் இருக்காது, மேலே உள்ள ஃபோல்டரில் இருக்கும். ஃபைலுக்குப் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ‘எக்ஸ்’ (x), அதாவது உள்ளே நுழையும் அனுமதி வேண்டும். 21.04 பதிப்பிலிருந்து புதிய ஹோம் ஃபோல்டரின் அனுமதி 755 (யாரும் நுழையலாம்) அல்ல, 750 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும்). அதனால் உள்ளே ஃபைல் எல்லோரும் படிக்கக்கூடிய 644 ஆகவே இருந்தாலும் அப்பாச்சி என்ற வெப் சர்வரால் படிக்க முடியாது, 403 என்ற அனுமதி மறுப்புப் பிழையைக் காட்டும்.

டெர்மினலில் ‘நேம்ஐ -எல்’ (namei -l) என்று அடித்து முழுப் பாதையையும் கொடுங்கள். எங்கே அடைபடுகிறது என்று வரிவரியாகத் தெரியும். அருமையான கட்டளை, ஏனோ பலர் கண்ணில் படுவதில்லை. அப்புறம் தனி யூசருக்கு அனுமதி தரும் ‘செட்எஃப்ஏசிஎல்’ (setfacl) கட்டளை மூலம் அப்பாச்சியின் யூசருக்கு, அடைபடும் அந்த ஃபோல்டரில் ‘எக்ஸ்’ மட்டும் கொடுத்தால் போதும்.